சம்பளத்தைக் கழித்துவிட்டால் கல்லூரியில் மிஞ்சுவது என்ன?

கேள்வி கேட்டவர் ஒரு தகப்பனார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருக்கிறது. பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். சொந்தக்காரர்களோ "அதைப் படிச்சு என்ன சம்பளம் வாங்கப் போறா?" என்று துளைக்கிறார்கள். வேலையையும் சம்பளத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கல்லூரிப் படிப்பால் உண்மையில் என்ன பயன், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்கிறார்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் வரலாறு நடத்தியே தலை நரைத்தவன் நான். அதனால் என் பதில் கொஞ்சம் ஒரு பக்கமாகத்தான் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சம்பளத்தைப் பற்றி. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பத்திடம் போய் "அறிவுக்காகப் படியுங்கள், வேலையைப் பற்றி யோசிக்காதீர்கள்" என்று சொல்வது வயிறு நிறைந்தவன் பேச்சு. உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியென்று எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்: வேலைக்கான திறமையைக் கல்லூரிதான் தருகிறது என்று. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

2000-களில் நம் ஊர் ஐ.டி. கம்பெனிகள் கல்லூரி கல்லூரியாக வந்து ஆள் எடுத்தது நினைவிருக்கும். மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் என்று எந்தப் பிரிவு மாணவனையும் எடுத்தார்கள். எடுத்த கையோடு மைசூருக்கோ சென்னைக்கோ அனுப்பி, மாதக்கணக்கில் தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். நான்கு வருடம் பாலத்தின் பளு கணக்குப் போட்டவன் வங்கி மென்பொருளில் பிழை திருத்தப் போனான். கல்லூரியில் அவன் கற்ற தொழிலை அந்தக் கம்பெனி ஒரு நாளும் கேட்கவில்லை. சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே பயிற்சி தந்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. ஹெச்.சி.எல். நிறுவனமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இதுபோல ஒரு திட்டம் நடத்துகிறது. ஆக, நிரல் எழுதி மாதச் சம்பளம் வாங்குவது ஒன்றே குறி என்றால் அதற்குக் கல்லூரியே வேண்டாம் என்று தொழில் உலகமே காட்டிவிட்டது. கல்லூரிக்கு அதற்கு மேல் ஒரு வேலை இருந்தால்தான் அதற்கு மூன்று வருடம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2015-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர் தமது பட்ஜெட் மசோதாவில் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்யப் பார்த்தார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களைச் சொல்லும் சட்டப் பகுதியிலிருந்து உண்மையைத் தேடுவது, மனித வாழ்வை மேம்படுத்துவது என்ற வரிகளை எடுத்துவிட்டு, மாநிலத்தின் தொழிலாளர் தேவையைப் பூர்த்தி செய்வது என்று சேர்ப்பதாக இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய கூச்சல். வரைவில் நேர்ந்த பிழை என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். வேலைவாய்ப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்த இன்னொரு வரியை அடிக்கப் போனால் ஜனங்களுக்கு எதுவோ உறுத்துகிறது.

அந்த இன்னொரு வரி வகுப்பறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கான வாரிய உறுப்பினர்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்பவை. பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம்: முப்பது குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவது, ஒன்றும் அறியாச் சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. "ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான்" என்ற பெருமையோடு பாடம் முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துப் போவது எங்கள் துறையில் வழக்கம். கல்வெட்டின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே வரிவரியாகப் படிக்கச் சொல்வேன். யார் நிற்கலாம்? வரி கட்டுகிற கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். யார் நிற்கக் கூடாது? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்கள். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய நெருங்கிய உறவுக்காரர்களும். இந்த இடம் வந்ததும் பையன்கள் சிரிப்பார்கள், இன்றைய கவுன்சிலர் யாருடைய பெயராவது அடிபடும்.

ஒரு வருடம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அதிகம் பேசாதவள், கையைத் தூக்கினாள். "சார், அப்போ நிலம் இல்லாதவங்க? அவங்க எங்கேயும் இல்லியே." அடுத்து ஒரு பையன் கேட்டான்: "வேதம் கத்தவங்கன்னா ஐயருங்க மட்டும்தானே?" ஆமாம், இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அவர்களுடைய சபைக்கான விதி இது என்றேன். "அப்போ இதைத் தமிழ்நாடே ஓட்டுப் போட்ட மாதிரி ஏன் சார் எழுதறாங்க?" என்றாள் அவள்.

உச்சி வெயிலில் அந்தக் கோயில் வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்தது. ஒருவன் கல்வெட்டே பொய்ப் பெருமை என்றான். இன்னொருவன் அப்படிச் சொல்லாதே, கணக்குக் காட்டாதவனை விலக்கியது இன்றைக்கும் நம்மால் முடியாத காரியம் என்றான். வேறு ஊர்க் கல்வெட்டுகளில் ஊரார் என்று வருகிற வேளாளர் ஊர்களுக்குத் தனிச் சபை இருந்ததே, அதைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று மூன்றாவது ஆள் கேட்டான். கடைசியில் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு பெருமையை அப்படியே விழுங்கவும் வேண்டாம், அப்படியே துப்பவும் வேண்டாம், அது எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, அந்தச் சான்றை யார், யாருக்காக எழுதினார்கள், அதில் யார் விடுபட்டார்கள் என்று பார்க்கலாம் என்பது அன்றைக்கு அந்த முப்பது பேருக்கும் கைக்கு வந்தது.

கல்லூரியின் வேலை என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவும், நம்மை யாராவது அப்படிக் கேட்டால் கோபப்படாமல் பதில் தேடவும் பழகுவது. வீட்டில் இதைக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். பள்ளியில் கேட்டால் சிலபஸ் முடியாது. வேலைக்குப் போன இடத்தில் கேட்டால் மேனேஜர் முறைப்பார். வயது வந்த ஒரு ஆள், தன் தெருவையும் சாதியையும் சேராத நாலு பேரோடு உட்கார்ந்து, சம்பளமோ அடியோ எதிர்பார்க்காமல் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக நம் சமூகம் ஒதுக்கிவைத்திருக்கிற இடம் கல்லூரி ஒன்றுதான். அதுவும் மூன்றே வருடம்.

இது வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் 1928-இல் சந்திரசேகர் என்று ஒரு மாணவர் இருந்தார். இயற்பியல் ஆனர்ஸ், வயது பதினெட்டு. அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்று ஆசை. அந்தக் காலத்து ஐ.ஏ.எஸ். அதுதானே. அந்த வருடம் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணு இயற்பியல் நூலை இந்தப் பையன் தானாகவே கரைத்துக் குடித்திருந்தான். அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப் போய், உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டேன் என்று சொன்னான். சோமர்ஃபெல்ட் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகம் வந்தபின் இயற்பியலே மாறிவிட்டது, ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டார்கள் என்றார். அப்போது இன்னும் வெளிவராத தமது கட்டுரை ஒன்றின் அச்சுப்படிகளையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

தான் அரும்பாடுபட்டுக் கற்றதெல்லாம் பழசாகிவிட்டது என்று ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் சொன்னால் அவன் துவண்டு போகலாம். சந்திரசேகர் அந்த அச்சுப்படிகளோடு உட்கார்ந்து புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிந்து தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்குக்கு வந்துவிட்டார். 1983-இல் நோபல் பரிசு. எல்லோரும் நோபலைத்தான் பேசுவார்கள். என் கண்ணுக்குப் படுவது அந்த ஓட்டல் அறை. பேர் பெற்ற ஒரு விஞ்ஞானியின் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க எனக்கும் உரிமை உண்டு என்ற தைரியம் ஒரு மாணவனுக்கு வந்ததே, அது அவன் படித்த இடத்தின் காற்றில் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அதே கல்லூரியில் படிக்கும்போதே 1906-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா. ராமனும் முதலில் அரசு நிதித்துறை உத்தியோகத்துக்குப் போனவர்தான். பத்து வருடம் கழித்து அதை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போதும் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள்!

இதற்கு நேர்மாறான கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் விளம்பரம் செய்தவன் ஆகிவிடுவேன். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கும் பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. தேறவில்லை. இரண்டு கல்லூரிகளாலும் அவரை என்ன செய்வது என்று புரியவில்லை. காமராசரும் பெரியாரும் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள். அதனால் கல்லூரிக்குப் போனால்தான் அறிவு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தானாகவே கதவை உடைத்துக்கொண்டு போகிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். நான் பேசுவது அப்படி உடைக்கத் தெரியாத நம்மைப் போன்ற சாதாரண ஆட்களைப் பற்றி.

மகளைப் பற்றிக் கேட்டிருப்பதால் பெண்கள் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது அது ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. அவர் தாயார் தேவதாசிக் குலம் என்று சொல்லியும் பேசினார்கள். ராஜா தலையிட்டு இடம் கொடுத்தார். அந்தப் பெண் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். டாக்டர் ஆனதோடு நின்றிருந்தால் நல்ல வருமானத்தோடு கதை முடிந்திருக்கும். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே நின்று வாதாடினார். அவர் தொடங்கிவைத்த அந்தப் போராட்டம் 1947-இல் சட்டமாக முடிந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் தந்ததுதான்.

அதே காலத்தில் சகோதரி சுப்பலட்சுமி. பால்ய வயதில் கல்யாணம், சீக்கிரமே விதவை. 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்து பிராமண விதவைக்குப் பட்டம் எதற்கு? வீட்டின் பின்கட்டில் முக்காடு போட்டு உட்கார வேண்டியவர் என்றுதான் ஊர் சொன்னது. அவரோ அடுத்த ஆண்டே தன்னைப்போன்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். மெரினா கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்தது வேலை இல்லை. "இதுதான் என் தலைவிதி என்று யார் சொன்னது?" என்று கேட்கிற இடம் கிடைத்தது. உத்திரமேரூரில் அந்த மாணவி கேட்ட கேள்வியும் இதற்கு உறவுக்காரிதான்.

அந்தக் கடற்கரையிலேயே 1914-இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. 2003-இல் அதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பெரும்பாலும் நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பெண்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். கல்லூரி இன்றும் அங்கேயே நிற்கிறது. அந்தப் போராட்டம் எந்தச் சிலபஸிலும் இல்லை, அதற்கு மார்க்கும் இல்லை.

மாணவர் அரசியல் என்றதும் பெற்றோர்களுக்கு வயிற்றில் புளி கரையும். புரிகிறது. 1965 மொழிப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். யார் பிள்ளைக்கும் அந்த விலை வேண்டாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து, விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்கில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். தான் கல்லூரிக்குப் போகாமல், ஊர் ஊராகப் பள்ளி திறந்து வைத்த மனிதரை, படிக்க வந்த தலைமுறை எதிர்த்து நின்றது. இதில் யார் சரி என்று இன்றும் சண்டை போடலாம். தமிழ்நாட்டு அரசியலைக் கல்லூரி விடுதிகளையும் தமிழ் மன்றங்களையும் விட்டுவிட்டு எழுத முடியாது என்பதற்குமேல் இங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அப்புறம், இதைவிடச் சின்னதாகத் தெரிகிற ஒன்று. எனக்கு அதுதான் பெரிது.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது மக்கள்தொகைக்கு உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த 47-க்குள் ஏராளமானோர் தங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸில் ஜூன் மாதம் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். அப்படி ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போன மறுவருடமே தெருவுக்கு அது ஒரு ஆபீஸ் ஆகிவிடுகிறது. பேங்க் நோட்டீஸா, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டா, பட்டா மாறுதல் மனுவா, "காலேஜ் படிக்கிற புள்ளைகிட்ட காட்டு" என்பார்கள்.

எங்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்த ஒரு பையன். அவன் அம்மா ஒரு நுண்கடன் கம்பெனியில் 10,000 ரூபாய் எடுத்திருந்தார். வட்டி 12 சதவீதம், மாதம் 933 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை. மொத்தம் 11,200. "நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிதானே, பரவாயில்ல" என்று குழுவில் எல்லோருக்கும் திருப்தி. இவனுக்கு வகுப்பில் குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி போடுவது எப்படி என்று அந்த வாரம்தான் பாடம். பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். முதல் மாதமே அசலில் ஒரு பகுதி கட்டியாகிவிட்டது, ஆறாவது மாதம் கையில் இருப்பது கிட்டத்தட்டப் பாதிக் கடன், ஆனால் வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. சரியாகப் போட்டால் வருட வட்டி 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அம்மாவோடு போய், வசூலுக்கு வந்தவரிடம் மரியாதையாகவே கேட்டிருக்கிறான்: "சார், இந்தப் பன்னெண்டு எப்படி வந்துச்சு?" வந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். கடன் ஒன்றும் தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் அடுத்த முறை கடன் எடுக்குமுன் அந்தத் தெருப் பெண்கள் இரண்டு இடத்தில் வட்டி விசாரித்தார்கள்.

இதனால் அந்தப் பையனுக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. எந்த வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்திலும் இது ஏறாது. கல்லூரியின் பலனைப் படித்தவன் வாங்கும் சம்பளத்தை வைத்தே அளந்தால், படிக்காத பத்துப் பேருக்கு அவனால் கிடைத்தது கணக்கிலேயே வராமல் போகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று மாமாவோ பெரியப்பாவோ சொல்லித் தந்துவிடுவார். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர கல்லூரியை விட்டால் வேறு ஆளில்லை. அதனால்தான் "ஏழைப் பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம்" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. பேசுகிறவரின் பிள்ளை அநேகமாக வெளிநாட்டில் தத்துவமோ பொருளாதாரமோ படித்துக்கொண்டிருக்கும்.

சரி, இதெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைக்குமா? கிடைக்காது. இதை மறைத்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் மட்டும் ஐந்நூறைத் தாண்டின. அவற்றில் பலவற்றின் அன்றாடம் உங்களுக்கே தெரிந்திருக்கும். காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ், சாயங்காலம் நாலேகாலுக்கு அதே பஸ். ஆணுக்கு ஒரு மாடிப்படி, பெண்ணுக்கு ஒரு மாடிப்படி. பேசினால் அபராதம், அப்பாவுக்கு போன். நூலகம் ஆய்வுக்குழு வரும் அன்று மட்டும் திறந்திருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஜெராக்ஸ் கடையில் விற்கிற கைடு. இங்கே நான்கு வருடம் இருப்பது பிளஸ் டூவை இன்னும் நான்கு முறை படிப்பதற்குச் சமம். கலைக் கல்லூரிகளும் யோக்கியம் இல்லை. ஆசிரியர் பணியிடம் காலி, தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள், ஷிஃப்ட் முறையில் அரைநாள் கல்லூரி. பையன்கள் "ரூட்டு தல" என்று பஸ் ரூட் வாரியாகப் பிரிந்து அடித்துக்கொள்வது ஒரு பக்கம், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சேருகிற கூட்டம் இன்னொரு பக்கம். வேறு வேறு சாதிப் பிள்ளைகளை ஒரே கட்டிடத்தில் உட்கார வைத்துவிட்டால் தானாகச் சமத்துவம் வந்துவிடும் என்பது வெறும் ஆசை. அவர்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும்: ஒரு நாடகம், ஒரு கையெழுத்துப் பத்திரிகை, ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம், ஒரு களப்பயணம். அப்போதுதான் ஏதாவது நடக்கிறது. வெறும் அறுபது நாற்காலியால் எதுவும் நடப்பதில்லை.

ஆகவே உங்கள் மகள் விஷயத்தில் எந்தப் பாடம் என்பதைவிட எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்பதைத்தான் நான் அதிகம் விசாரிப்பேன். சேர்க்கை நாளில் போகாதீர்கள். அன்று எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். ஒரு சாதாரண வார நாளில், மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்களா, அலமாரி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரைப் பிடித்து, "கடைசியாக வகுப்பில் எப்போது சார் சொன்னதை மறுத்துப் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து ஒரு சம்பவத்தைச் சொன்னால் நல்ல துறை. "மறுத்துப் பேசவா?" என்று பயந்தால் வேறு இடம் பாருங்கள். களப்பயணம் உண்டா, பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகமாவது ஆசிரியர் சொல்லிப் படித்ததுண்டா என்பதையும் கேட்கலாம். விடுதி கிடைத்தால் ஒரு வருடமாவது விடுதியில் விடுங்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், விடுங்கள்.

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல பதில் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் வரலாறும் பண்பாடும் அரசியலமைப்பும் கணிசமான பங்கு. பி.எட். சேர்த்துப் படித்தால் ஆசிரியர் வேலை, தொல்லியல், சட்டம், இதழியல் என்று வழிகள் உண்டு. முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியா என்று பார்ப்பார்கள், ஆகவே மகளின் பள்ளிச் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் சேர்த்துவிடாமல் அவளிடமே விட்டுவிட்டால், புத்தகத்துக்கும் உத்திரமேரூருக்குப் போக பஸ் டிக்கெட்டுக்கும் ஆகும்.